மட்டமும் சமமும்

நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் எஞ்சி நிற்கும் பழைய லயத்து வீடுகள் சிலவற்றின் சமையற்கட்டில் ஒரு காட்சியைக் காணலாம். புதிதாகப் பொருத்திய அலமாரியின் கதவைச் சாத்திவிட்டுக் கையை எடுத்தால், அது மெல்லத் தானே திறந்துகொள்ளும். வீட்டுத் தலைவி மறுபடியும் சாத்துவார். அதுவும் மறுபடியும் திறக்கும். இறுதியில் கைப்பிடியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிக் கட்டிப்போடுவர். "கதவு சரியில்லை" என்பதே வீட்டார் தீர்ப்பு. அக்கதவைக் கழற்றி மூலைமட்டம் வைத்துப் பார்த்தால், நான்கு மூலையும் பழுதின்றி இருக்கும். கோணல் தரையில் கிடக்கிறது; பழி கதவின்மேல் விழுகிறது. நிற்கும் இடத்தின் குறையை நிற்பவர் குறையாகக் காண்பது முறையா என்னும் வினா, தச்சுத் தொழிலுக்கு மட்டும் உரியதன்று.

தோட்டத்துத் தரை மட்டமாக இல்லாமைக்குக் காரணம் உண்டு. லிங்கியாயினும் ரந்தாவாயினும் லாபுவாயினும் நிலம் மேடும் பள்ளமுமாக அலைபோல் கிடப்பது. ரப்பர் கன்றுகள் அச்சரிவுகளில் நடப்பட்டன. அதே சரிவுகளை வெட்டியும் நிரப்பியும் லயங்கள் எழுந்தன. வெட்டிய பக்கம் உறுதியாக நிற்கும். நிரப்பிய பக்கத்து மண்ணோ மழையில் ஊறி ஊறி ஆண்டுக்கணக்கில் அமிழும். ஒரே வீட்டின் முன்னறை ஒரு விதமாகவும் பின்னறை வேறு விதமாகவும் சாய்வது இதனாலேயே. இஃதன்றி மற்றொரு சாய்வும் உண்டு. அது தானாக வந்ததன்று. கொத்தனார் வேண்டுமென்றே வைத்தது. கழுவிய நீர் வாய்க்காலை நோக்கி ஓடுவதற்காகச் சமையற்கட்டின் தரையை மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை சரித்துப் பூசுவர். 3 மீட்டர் நீளச் சுவரோரத்தில் அது 3 முதல் 6 செ.மீ. வரை ஏற்றத்தாழ்வாகிவிடும். முந்தைய சாய்வு குறை, பிந்தையது தேவை. இரண்டையும் ஒன்றெனக் கருதி எல்லாத் தரையையும் மட்டமாக்கப் புறப்படுபவரின் வீட்டில் தண்ணீர் தேங்கும்.

இம்மண்ணின் மலாய்த் தச்சர்கள் இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தனர். அவர்களுடைய மரபு வீடு தூண்களின்மேல் உயர்ந்து நிற்பது. மேட்டுப் பக்கத்துத் தூண் குறுகியும் பள்ளத்துப் பக்கத்துத் தூண் நெடிதாகியும் நிற்க, உள்ளே நடப்பவரின் தளம் மட்டமாக அமையும். மண்ணைத் திருத்தும் பெருமுயற்சி அங்கே இல்லை.

அக்காலத் தோட்ட வீடுகளில் சுவரோடு பொருத்திய அறைகலன் ஏது? தகரப் பெட்டி ஒன்று, பலகைக் கட்டில் ஒன்று, வலையடித்த உணவு அலமாரி ஒன்று, அவ்வளவே. எறும்பு ஏறாதிருக்க அவ்வலமாரியின் நான்கு கால்களும் நீர் ஊற்றிய தகரக் குவளைகளில் நிற்கும். ஆடினால் ஒரு குவளையின் அடியில் மட்டைத் துண்டோ ஓட்டுச் சில்லோ செருகப்படும். வறுமை மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறிவிட இயலாது. வீடு தோட்ட நிர்வாகத்தினுடையது. வேலை உள்ளவரை வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் பெட்டியும் படுக்கையுமாக வெளியேற நேர்ந்தது. அந்நிலைக்கு மாற்றாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தூக்கிச் செல்ல இயலாத பொருளை இத்தகைய வீட்டில் யார் பொருத்துவர்? சுவரில் திருகாணியை முடுக்குவது, நாளையும் இங்கே இருப்போம் என்று சொல்வதற்கு ஒப்பாகும். அப்படிச் சொல்லும் உரிமை பலருக்கு இருந்ததில்லை.

இன்று சிரம்பானையும் நீலாயையும் சூழ்ந்திருந்த தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தாமான் வீடுகளில் குடியேறிய பிள்ளைகள் தங்கள் சமையலறைக்குக் கேபினெட் பொருத்துகின்றனர். தோட்டத்திலேயே தங்கிவிட்ட பெற்றோருக்கும் ஆசையோடு ஒன்றைச் செய்து அனுப்புகின்றனர். அது சென்று நிற்பதோ அந்தப் பழைய தரையில்.

தேர்ந்த தச்சர் வந்ததும் முதலில் பார்ப்பது தரையைத்தான். நீர் நிரப்பிய தெளிந்த குழாய் ஒன்றின் இரு முனைகளையும் சுவரோரம் பிடித்து, நீர் நின்ற இடங்களைக் குறித்து, அவற்றை இணைத்துக் கோடு ஒன்று இழுப்பார். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் தெவனோ ஆக்கிய குமிழ்மட்டம், அதாவது ரசமட்டம், கைக்கு எளியதுதான். ஆயினும் நீண்ட சுவரில் அதை நகர்த்தி நகர்த்தி வைக்கும்போது சிறுபிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளரும். குழாய் நீர், இடையில் காற்றுக் குமிழ் சிக்காதவரை, பொய் சொல்லாது. பின்னர் அக்கோட்டிலிருந்து தரைவரை பல இடங்களில் அளப்பார். எங்கே அளவு மிகக் குறைகிறதோ, அதுவே தரையின் உயர்ந்த இடம். வேலை அங்கிருந்துதான் தொடங்கும். பழகாதவர் பள்ளத்தில் முதற்பெட்டியை வைத்துவிடுவர். மேட்டை அடையும்போது கடைசிப் பெட்டி அந்த உயரத்துக்குள் அடங்காது. அதன் காலை அறுக்க வேண்டிவரும். உயர்ந்த இடத்தை அளவாகக் கொண்டால் எதன் காலையும் அறுக்க வேண்டுவதில்லை. தாழ்ந்த இடத்தில் நிற்பவற்றின் கால்களைத் திருகி நீட்டினால் போதும். திருகுகால் இல்லையேல் ஆப்பு வைத்து ஏற்றலாம்.

கால்களைச் சரிசெய்யாமல் பெட்டியைச் சுவரோடு இறுக்கிவிட்டால் என்ன? அசையாமல் நிற்கும், பார்ப்பவர் மெச்சவும் செய்வர். ஆனால் பலகைக்குள் முறுக்கம் ஏறிவிடும். இழுப்பறை சிக்கும், இரு கதவுகளுக்கிடையே மேலே விரல் நுழையும், கீழே தாளும் நுழையாது. சிலர் கீலின் திருகைத் திருப்பிக் கதவை மட்டும் நேராகக் காட்டிவிட்டுப் பணம் பெற்றுச் செல்வதுண்டு. நோயை விட்டு முகத்துக்குப் பூச்சுப் பூசும் வைத்தியம் அது.

மட்டம் என்னும் சொல்லின் விந்தையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். நேராக, ஒரே உயரத்தில் நிற்பதும் மட்டம். தரம் தாழ்ந்ததும் மட்டம். ஒருவரைத் தாழ்த்திப் பேசுவதை மட்டந்தட்டுதல் என்கிறது வழக்கு. சமனாக்குவது என்றாலே உயர்ந்ததைத் தட்டித் தாழ்த்துவது என்ற அச்சம் இச்சொல்லுக்குள் எப்படியோ குடிபுகுந்துவிட்டது போலும். தச்சரின் மட்டமோ தட்டுவதன்று, ஏற்றுவது.

நான்கு கால்களும் ஒரே நீளமாக இருப்பதே சமம் என்று எண்ணுவது எளிது. கடையிலிருந்து வரும்போது அவை அப்படித்தான் வருகின்றன. சாய்ந்த தரையில் அச்சமமே சாய்வை உண்டாக்குகிறது. வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். தான் கோணாமல் நின்ற பின்னரே அது பிறவற்றை எடையிடத் தகுதி பெறுகிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில் வேறொரு கோலைக் குறிப்பிடுகிறார். லெஸ்போஸ் தீவுக் கட்டடக்காரர் கையாண்ட ஈயக்கோல் அது. விறைத்து நில்லாமல் கல்லின் வடிவுக்கேற்ப வளைவது. பொதுவிதி ஒரு தனிநிலைக்குப் பொருந்தாது போகும்போது, அவ்விதியைத் திருத்தும் நேர்மைக்கு அவர் கூறிய உவமை அது.

கோணாத கோல் ஒன்று. வளையும் கோல் ஒன்று. இவற்றுள் எது அறம் என்று பட்டிமன்றம் வைப்போர் தச்சரின் வேலையைச் சற்று நின்று பார்க்கலாம். அவர் இரண்டையும் வைத்திருக்கிறார். மேற்பலகையில் குமிழ் நடுவில் நின்றாக வேண்டும். அங்கே யாருக்காகவும் இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை. சுவர் வளைந்திருந்தால் பலகையின் ஓரத்தை அவ்வளைவின்படியே கோடிட்டுச் சீவுகிறார். தரை தாழ்ந்திருந்தால் காலை நீட்டுகிறார். எங்கே வளைவது, எங்கே வளையாதிருப்பது என்பதை மாற்றிக்கொள்பவரே தீங்கு செய்கிறார். வேண்டியவருக்காக மேற்பலகையை வளைப்பவரும், வேண்டாதவரின் காலை நீட்ட மறுப்பவரும் ஒரே பிழையைத்தான் இரு வகையாகச் செய்கின்றனர்.

ஆசிரியர்களுக்கு இதில் ஓர் எடுத்துக்காட்டு மிக அருகிலேயே இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துத் தேசிய இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவர், மலாய்மொழியில் உரிய தேர்ச்சி பெறாவிடில், முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயிலும் ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருந்துவந்துள்ளது. தேர்வு மேற்பலகை போன்றது. அது எல்லார்க்கும் ஒரே மட்டத்தில் நிற்பதில் தவறில்லை. வீட்டில் தமிழும் பால்மரக் காட்டில் தமிழுமாக வளர்ந்த பிள்ளைக்குத் தாழ்ந்த பக்கத்தில் ஏதேனும் தாங்கல் வேண்டும் என்பதும் உண்மை. அவ்வகுப்பால் மொழித்திறம் பெற்று மேலே சென்றவர் இல்லாமலில்லை. ஆயினும் அந்த ஆப்பு எதிலிருந்து வெட்டப்பட்டது? அப்பிள்ளையின் ஆயுளில் ஓராண்டிலிருந்து. தச்சர் ஆப்பைத் தம் பையிலிருந்து எடுக்கிறார். அலமாரியின் பலகையையே வெட்டி அதன் காலுக்கு அடியில் செருகுவதில்லை. தாங்கலின் செலவைத் தாங்கப்படுபவர் தலையிலேயே சுமத்துவது உதவியாகுமா என்பதை, தன் வகுப்புத் தோழன் ஒரு படிவம் முன்னே செல்வதைக் கண்டு நின்ற பிள்ளையிடந்தான் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆப்பு வைத்தே பழகிவிட்டால் தரையைத் திருத்துவார் யார்? காலை நீட்டுவது, அடித்தளத்தைக் கெடுத்தவரைத் தப்பவிடுவது ஆகாதா? இம்மறுப்பில் வலு உண்டு. நீர் ஓட வைத்த சாய்வுக்குக் கால் நீட்டுவதே தக்கது. ஆனால் தரையின் குறுக்கே வெடிப்பு ஓடி, அது மழைக்கு மழை அகன்றுகொண்டே போனால், அங்கே ஆப்பு வைப்பது ஏமாற்று. அடிமண் இன்னும் அமிழ்கிறது என்பதற்கு அவ்வெடிப்பே சாட்சி. அதைச் செப்பனிடுவது வீட்டுக்குரியவர் கடமை, குடியிருப்பவர் கடமையன்று. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்து, அதற்கு முதலாளியைப் பொறுப்பாக்கிய சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. நேர்மையுள்ள தச்சர் அத்தகைய தரையைக் கண்டால் கருவிப்பையைத் திறவாமலே, "முதலில் இதை நிர்வாகத்திடம் காட்டுங்கள்" என்பார். அன்றைய கூலி அவருக்கு இல்லை. அந்த வீட்டுக்காரர் காட்டுவாரா, காட்டினால் என்ன நேரும் என்று அஞ்சுவாரா என்பது வேறு கதை.

வேலை முடிந்ததும் கால்களை மறைத்து முன்புறம் ஓர் அடிப்பலகை பொருத்தப்படும். ஒரு கால் நெடிதாகவும் மற்றொன்று குறிதாகவும் நிற்பது அதன்பின் எவர் கண்ணிலும் படாது. இம்மறைப்பு பொய்யா? தாங்கப்பட்டவரின் தாங்கலை ஊரறியக் காட்டாதிருப்பது பண்புதான். ஆனால் ஒன்றை மறைப்பதும், அதை இல்லையென்று சாதிப்பதும் ஒன்றல்ல. சிலர் அடிப்பலகையை ஆணியடித்து மூடிவிடுகின்றனர். பின்னாளில் கதவு திறந்துகொள்ளும்போது உள்ளே கால் என ஒன்று இருப்பதே அவ்வீட்டாருக்கு நினைவிராது. மறுபடியும் கதவைத்தான் ஏசுவர். தொழில் தெரிந்தவரோ கையால் இழுத்தால் கழன்று வருமாறு கவ்வி வைத்துப் பொருத்துகிறார். மழைக்காலம் கழிந்து அவ்வழியே வரும்போது உள்ளே வந்து, அடிப்பலகையைக் கழற்றித் தரையில் குனிந்து பார்க்கிறார். மேற்பலகையில் வைத்த ரசமட்டத்தில் குமிழ் சற்றே ஒதுங்கியிருக்கிறது. வாய்க்கால் பக்கத்துக் காலை அரைச்சுற்றுத் திருகிவிட்டுத் தேநீர் வருமா என்று கேட்கிறார்.