தலைக்குரிய மரியாதை

திருவண்ணாமலையின் தலபுராணமே ஒரு முடியைத் தேடிப் போன கதைதான். பன்றியாகி அடியைத் தேடிய திருமால் தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்னமாகி முடியைத் தேடிய பிரமன் தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்து வந்தார். அந்தக் குற்றத்துக்காகத் தாழம்பூ பொதுவாக இன்றும் சிவபூசைக்கு ஆகாது. தலைக்கு இத்தனை மதிப்பிருக்கும் ஊரில், செங்கம் சாலையோரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். சைக்கிளில் போகிறவர்களின் மண்டையைக் காக்கும் வேலை முழுவதும் அருணாசலேசுவரரிடமே விடப்பட்டிருப்பது தெரியும்.

பால்காரர் முண்டாசு கட்டியிருப்பார். பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு இரட்டைச் சடையும் ரிப்பனும். ரமணாசிரமத்துப் பக்கம் வாடகை சைக்கிளில் போகும் வெளிநாட்டுக்காரர், சொந்த ஊரில் ஹெல்மெட் இல்லாமல் வண்டியைத் தொட்டிருக்க மாட்டார், இங்கே வெறுந்தலைதான். 'நான் யார்' என்று விசாரிக்க வந்தவருக்கு மண்டையோடு அவ்வளவு முக்கியமான விடையாகத் தோன்றுவதில்லை போலும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிறவர் விடியற்காலையில் கியர் சைக்கிளில் உடற்பயிற்சிக்குப் போகிறவர் ஒருவர்தான். அதே ஹெல்மெட்டைப் பால்காரர் மாட்டிக்கொண்டு டீக்கடையில் இறங்கினால், "என்னண்ணே, ரேசுக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள். நாள் முழுதும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே மிதிக்கிறவர் பால்காரர். அவர் தலைக்குத்தான் அது பொருந்தாத அலங்காரம்.

அழகு கெடுகிறது என்று ஹெல்மெட்டை மறுப்பவர்களை வீண் பகட்டுக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோயில் ஒருவரைக் கௌரவிக்க நினைத்தால் பரிவட்டத்தைத் தலையில்தான் கட்டுகிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவே தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு தருகிறது. தலை மானத்துக்குரிய இடம் என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டாகிவிட்டது. மல்லிகைச் சரத்துக்குத்தான் அப்படி வாதாட ஆள் கிடைக்கவில்லை. மொட்டைக்கோ இங்கே தயக்கமே இல்லை. 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்த சிறுவன் வேங்கடராமன், பிற்காலத்து ரமணர், அன்றே அய்யங்குளத்தில் தலையை மழித்துக்கொண்டார். இன்றும் குடும்பம் குடும்பமாக வந்து மொட்டை போட்டுக்கொள்கிறார்கள், ஒருவருக்கும் வெட்கமில்லை. முடியை முழுதாக இழக்கச் சம்மதிக்கிற மனிதர், அது கொஞ்சம் கலைவதற்குச் சம்மதிப்பதில்லை. மொட்டைக்கு ஒரு பொருள் உண்டு, ஹெல்மெட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அபராதத்துக்குப் பொருளை உண்டாக்கத் தெரியாது. நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று கெடுபிடி வந்தபோது கடைகளில் கூட்டம் அலைமோதியது. பிறகு அது பெட்ரோல் டேங்க் மேலும் முழங்கையிலும் பயணம் செய்யத் தொடங்கியது. போலீஸ் கண்ணில் படும் வரை இறங்கியிருக்கும், பட்டதும் ஏறிக்கொள்ளும். சைக்கிளுக்கு அந்தத் தொல்லையும் இல்லை, சட்டம் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட விதியில் சைக்கிள் ஹெல்மெட் ஒருமுறை தலைகாட்டுகிறது: ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் அதற்கு அளவான ஹெல்மெட் வேண்டும், சைக்கிள் ஹெல்மெட்டாக இருந்தாலும் சரி. அந்தக் குழந்தை வளர்ந்து தானே சைக்கிள் மிதிக்கும்போது விதிக்கு அக்கறை தீர்ந்துவிடுகிறது.

சைக்கிள் ஹெல்மெட்டின் சக்தியையும் மிகைப்படுத்த வேண்டாம். உள்ளே இருப்பது தெர்மாகோல் இனத்து நுரை. அது நசுங்கி, மோதிய மண்டை நிற்க எடுக்கும் நேரத்தைச் சற்று நீட்டுகிறது. ஒருமுறை நசுங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. ஐரோப்பியத் தரச் சோதனையில் அதை மோதவிடும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். சீட்டிலிருந்து விழும் தலைக்கு அது போதும். செங்கம் வழியாகப் பெங்களூர் விரையும் பஸ்ஸுக்கு எதிராக அது எதையும் உறுதி சொல்லவில்லை. நெதர்லாந்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டுவிட்டதால் பெரும்பாலானோர் வெறுந்தலையோடு மிதிக்கிறார்கள். இங்கே அப்படியொரு சாலை பௌர்ணமிதோறும் கிடைக்கிறது. லட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு நடக்க, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வண்டிகளைத் தடுத்துவிடுகிறார்கள். சாமிக்காகச் செய்ய முடிந்ததைப் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்காக யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

முடி கலையக்கூடாதென்று ஸ்வீடனில் அன்னா ஹாப்ட், தெரேஸ் ஆல்ஸ்டின் என்ற இரு பெண்கள் கழுத்துப்பட்டை ஒன்றை வடிவமைத்தார்கள். விழும்போது அது பலூனாக விரிந்து தலையை மூடும். அழகுப் பிரச்சினை தீர்ந்தது. 2023-இல் அதைத் தயாரித்த கம்பெனியும் மூடப்பட்டது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சைக்கிள் ஹெல்மெட் பிடரிக்கு மேலேயே நின்றுவிடும், தாழப் பின்னிய சடையும் பூவும் அதற்குக் கீழே தாராளமாகத் தொங்கும்.

வெட்கம் தனியாகப் போடுகிறவருக்குத்தான் வரும். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அதோடு ஆளுக்கொரு ஹெல்மெட்டும் கொடுத்தால், வகுப்பே ஒன்றாகப் போட்டுக்கொண்டு வரும்போது யாரைப் பார்த்து யார் சிரிப்பது? நிறத்தை மட்டும் கோட்டையில் முடிவு செய்யாமல் பிள்ளைகளிடமே கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரமே அவை வீட்டில் வெங்காயம் போட்டு வைக்கப் பயன்படும்.