ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு ரசமட்டம்

மலேசியாவின் கேமரன் மலையில், கியா பார்மில் ஒரு வீட்டின் கட்டிலும் பீரோவும் சாமி படங்களும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டால், உள்ளே டைல்ஸ் வேலை நடக்கிறது என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். காலை மூட்டம் விலக நேரமாகும். கீழே சாலையோரச் சந்தையில் சோளமும் முட்டைக்கோசும் ஸ்ட்ராபெரியும் வாங்க வந்தவர்கள் கார் நிறுத்த இடம் தேடி அலைவார்கள். மேலே சரிவில் ஒரு கொத்தனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுத்தியல் காம்பால் பழைய சிமெண்டுத் தரையை அடி அடியாகத் தட்டிக்கொண்டு போவார். சத்தம் கெட்டியாக வந்தால் சரி. வெறும்பானையைத் தட்டியதுபோல் கேட்டால் அந்த இடத்தில் பூச்சு தளத்தோடு ஒட்டவில்லை. கொத்தி எடுத்தாக வேண்டும்.

பூச்சு கெட்டியா என்பதைத் தட்டிப் பார்த்துவிடலாம். அதற்கும் அடியில் இருக்கிற மண் யாருடையது என்பது தட்டித் தெரிவதில்லை. கேமரன் மலையில் காய்கறி விளைகிற நிலத்தில் கணிசமான பகுதி அரசு நிலம். 'டி.ஓ.எல்.' என்று எல்லோரும் சொல்கிற தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தின் பேரில்தான் பல காலமாகக் குடும்பங்கள் அதில் பயிரிட்டு வந்திருக்கின்றன. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் இந்த உரிமத்துக்கு வைத்திருக்கும் ஆயுள் அந்தக் காலண்டர் ஆண்டின் கடைசி நாள் வரை. எந்த மாதம் வாங்கினாலும் டிசம்பர் 31இல் தீர்ந்துபோகும். கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவர் கண்ணை மூடினால் உரிமமும் கண்ணை மூடிவிடும்.

அப்படிப்பட்ட மண்ணில் நிற்கும் வீட்டுக்கு, 1,200 டிகிரிச் சூட்டில் வெந்த போர்சலின் டைல்ஸை ஏற்ற இறக்கம் இல்லாமல் பதிக்க ஆள் கூப்பிடுவது எந்தக் கணக்கில் சேரும்? இப்படிப்பட்ட வீடுகளில் பெரியவர்கள் கேட்கிற கேள்விதான் இது. "ஏன்டா, நம்ம மண்ணா இது? இத்தன காசக் கொண்டுபோய்த் தரையில கொட்டுற?" மகனிடம் பதில் இருக்காது. மருமகளிடம் இருக்கும்: "தவழ்ற புள்ளைக்கு டி.ஓ.எல்.னா என்னன்னு தெரியுமா மாமா?"

வள்ளுவர் பெரியவர் கட்சி என்று தோன்றும். நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், உடம்பை உயிரின் சொந்த வீடாக அவர் ஒப்புக்கொள்வதில்லை, 'துச்சில்' என்கிறார். அடுத்தவர் இடத்தில் ஓரமாக ஒதுங்கியிருப்பதற்கான சொல் அது. இன்றைய பேச்சில் ஒண்டுக்குடித்தனம். உயிருக்கு இன்னும் ஒரு சொந்த வீடு அமையவில்லையோ என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார். உரையெழுதிய பரிமேலழகர் வீட்டுக்காரர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறார்: வாதம் முதலானவைதாம். அவற்றின் வீட்டில் உயிர் ஒதுங்கி இருக்கிறது; அவை கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டும். டி.ஓ.எல். படிவத்தில் கடைசித் தேதியாவது எழுதியிருக்கிறது.

குறள் உரையைப் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே மலாயாத் தமிழர்கள் ஒண்டுக்குடித்தனத்தில் குடியிருந்து பார்த்துவிட்டார்கள். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. மலையேறி வந்து தேயிலை நட்டவர்களில் தென்னிந்தியத் தமிழர்கள் ஏராளம். கூலிக்கு ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. வந்தவர்களில் பலர் இங்கேயே நின்றார்கள். தோட்டம் கொடுத்தது லயத்து வீடு. வேலை இருக்கிறவரை வீடு. வேலை ஓய்ந்தால் வீட்டையும் ஒழித்துக் கொடுக்க வேண்டும். தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்ச வசதிகளை வரையறுத்து 1990இல் தனிச் சட்டமே வந்தது. வீடு வசிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றது சட்டம், வசிப்பவருடையதாக ஆக்கவில்லை. அந்த வீடுகளில்தான் பெண்கள் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவி, வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தார்கள். யார் வீட்டை? கம்பெனி வீட்டை.

கியா பார்மிலிருந்து கம்போங் ராஜா போகிற வழியில் இருக்கிறது குவாலா தெர்லா. அங்கே பல்லாண்டுகளாகப் பயிரிட்டு வந்தவர்களின் தோட்டங்களை 2019இல் அதிகாரிகள் அகற்றினார்கள். அரசு நிலம், நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது காரணம். இழந்தவர்களில் தமிழ் விவசாயிகள் பலர். பெரியவரின் கேள்வியைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இருந்தும் வேலை நடக்கிறது. கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

தரையைக் கூட்டிக் கழுவிக் காயவிட்ட பிறகு கொத்தனார் சுவரைச் சுற்றி மட்டம் குறிப்பார். இப்போதெல்லாம் லேசர் கருவி பச்சைக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. பழைய ஆட்கள் அதற்குப் பிறகும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். அடுத்தது மூலைமட்டம். ஒரு சுவரோரம் 3 அடி, மறுசுவரோரம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். வராது. மலைச்சரிவில் கைக்காசுக்குத் தக்கபடி அறை அறையாகச் சேர்த்துக் கட்டிய வீட்டில் எந்தச் சுவரும் இன்னொரு சுவருக்கு ஒத்து நிற்பதில்லை. ஆகவே சுவரை நம்பாமல் அறையின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்து, பசை இல்லாமல் ஒரு வரிசை டைல்ஸை வெறுமனே பரப்பிப் பார்ப்பார். ஓரத்தில் சுண்டுவிரல் அகலத்துக்குத் துண்டு வருகிறது என்றால் வரிசையையே அரை டைல் நகர்த்துவார். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது முழு டைலாக இருக்க வேண்டும். வெட்டுத்துண்டு பீரோவுக்கு அடியில் போகட்டும்.

குழைத்த பசையைத் தரையில் தேய்த்து, பல் வைத்த கரணையால் ஒரே திசையில் சீவுவார். உழுத சால்போல் வரிவரியாக நிற்கும். வட்டம் வட்டமாகச் சீவினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். பெரிய டைல் என்றால் அதன் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு. வைத்து, லேசாக முன்னும் பின்னும் அசைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குவார். வைத்த முதல் டைலை உடனே பெயர்த்துத் திருப்பிப் பார்க்கிற ஆளை நம்பலாம். முதுகு முழுக்கப் பசை அப்பியிருக்கிறதா, மூலைகள் காலியாக நிற்கின்றனவா என்று பார்க்கிறார். மூலை காலியான டைலின் மேல் கட்டில் காலை இழுத்தால் அங்கேதான் உடையும். ஐந்து இடத்தில் பிடிபிடியாகக் கலவையை வைத்து மேலே டைலைக் கவிழ்த்துவிட்டுப் போகிற அவசர வேலையும் ஊரில் உண்டு. அன்றைக்குப் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மலையில் கூடுதலாக ஒரு தொல்லை: குளிரில் சிமெண்டு இறுக நேரமெடுக்கும். கீழே ஈப்போவில் மறுநாளே மிதிக்கலாம் என்றால் இங்கே இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்பார். குளியலறைக்கு வந்தால் பேச்சே மாறும். மட்டம் மட்டம் என்று மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருந்தவர் இங்கே சாய்க்கப் பாடுபடுவார். தண்ணீர் ஓட்டைப் பக்கம் ஓட, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் வேண்டும்.

பூஜையறைச் சுவருக்கு முருகன் படம் அச்சிட்ட டைல் ஒன்று அதே லாரியில் வந்திருக்கும். தரை டைலின் மேல் நின்று சுவர் டைலைக் கும்பிடுவார்கள். ஒரே கல்லை உடைத்து ஒரு பாதியை வாசலில் மிதிக்கவும் மறுபாதியைப் பூசைக்கும் வைப்பதைச் சிவவாக்கியர் கேலி செய்தது நினைவுக்கு வரலாம். அவருக்குக் கொத்தனாரிடம் ஒரு மறுப்பு உண்டு. இரண்டும் ஒரே சரக்கு இல்லை. சுவருக்கு வரும் செராமிக் டைல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடியது, தரையில் போட்டால் தாங்காது. மிதிபடுகிற போர்சலின் குடிப்பது அரை சதவீதத்துக்குள்.

இந்த வேலையில் சிந்திக்க வைக்கிற இடம் எது என்று கேட்டால் சுவரோரத்தைக் காட்டலாம். தேர்ந்த கொத்தனார் கடைசி டைலைச் சுவரோடு இறுக்கி வைக்க மாட்டார். சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவார். மேலே ஸ்கர்ட்டிங் வந்து அதை மறைத்துவிடும். டைலுக்கும் டைலுக்கும் நடுவில் ஸ்பேசர் செருகி இரண்டு மூன்று மில்லிமீட்டர். "ஒட்டிப் போட்டா அழகா இருக்குமேண்ணே" என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்ப்பார். தலையாட்டிவிட்டு ஸ்பேசரைச் செருகிக்கொண்டே போவார் கொத்தனார். சூளையிலிருந்து வந்த டைல் காற்றின் ஈரத்தை வாங்கி வருஷக்கணக்கில் மயிரிழை அளவாவது பருக்கும்; அடியில் இருக்கிற தளம் காய்ந்து சுருங்கும்; வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டும் வெவ்வேறு அளவில் அசையும். அசைய இடமில்லாமல் இறுக்கிப் போட்ட தரை ஒருநாள் வெடிச்சத்தத்தோடு கூடாரம்போல் நடுவில் எழும்பிவிடும். மலேசிய அடுக்குமாடிகளில் பலர் பார்த்து மிரண்ட காட்சி. நிலையாமையைத் தெரிந்து வைத்திருக்கிறவர் போட்ட தரைதான் கிடக்கிறது. பெரியவர் எழுப்பிய பிரச்சினையைக் கொத்தனார் தன் அளவில் ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் வேலையை விடவில்லை.

இந்த இடத்தில் கீதையை இழுத்து, பலன் கருதாத கடமை என்று அவருக்குப் பட்டம் கட்டத் தோன்றும். வேண்டாம். சதுர அடிக் கணக்கில் கூலி பேசி, முன்பணம் வாங்கித்தான் அவர் மண்டியிட்டிருக்கிறார்.

பொருந்துகிற ஆள் திருமூலர். முன்பு உடம்பை இழிவாக நினைத்திருந்ததையும், உள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கியதையும் அவரே திருமந்திரத்தில் சொல்கிறார். உடம்பு நிலையானது என்று அவர் கருத்தை மாற்றிக்கொண்டதாக இதற்கு அர்த்தமில்லை; யாக்கை நிலையாமைக்கென்று தனிப்பகுதி பாடியவரும் அவர்தான். குடிக்கூலி வீடு குடிக்கூலி வீடாகவே இருக்கிறது. உள்ளே யார் இருக்கிறார் என்று பார்த்து அதைப் பராமரிக்கிறார். பட்டா யார் பேரில் என்று அவர் கேட்கவில்லை. தவழ்கிற பிள்ளையைக் காட்டி மருமகள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். வள்ளுவரை மறுக்காமலே மாமனாரை மறுத்துவிடுகிறாள்.

தரையைப் பேணுவதைச் சைவம் வழிபாடாகவே எண்ணியது. திருவதிகைக் கோயிலைத் திலகவதியார் விடியுமுன் எழுந்து கூட்டி மெழுகியதைச் சேக்கிழார் பாடுகிறார். தம்பி திருநாவுக்கரசர் கையில் உழவாரம். சாணம் மெழுகிய தரை சில நாளில் பொருக்குவிட்டு உதிரும், மறுபடி மெழுக வேண்டும். கற்கோயிலுக்கே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணியும் குடமுழுக்கும் வைத்திருக்கிறோம். ஜப்பானியர்கள் இன்னும் துணிச்சல்காரர்கள். இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள், கடைசியாக 2013இல். டைல்ஸ் வந்து மெழுகுகிற கையை ஓயவைத்தது. நல்லதுதான், முட்டி தேய்ந்த பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனால் தரை என்பது திரும்பத் திரும்பச் செய்கிற வேலை என்ற நினைப்பும் கூடவே மறைந்தது. பெரியவரை உறுத்துவது அதுவாகவும் இருக்கலாம். மெழுகுவதற்கு யாரும் பத்திரம் கேட்டதில்லை.

சொந்த மண்ணில் போட்ட தரை என்ன ஆனது? காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் டைல்ஸைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றிப் பூவும் கட்டமும் வரைந்து, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துகிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடி பட்ட பக்கம் கண்ணாடியாகவே மின்னும். மலாயாவிலும் பர்மாவிலும் வட்டித்தொழில் செய்து சம்பாதித்த நகரத்தார் கட்டிய வீடுகளில் இந்தத் தரை இன்றும் மங்காமல் கிடக்கிறது. பட்டா உண்டு, பத்திரம் உண்டு, பர்மாத் தேக்குத் தூண் உண்டு. படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் வந்து கூடுவார்கள். மற்ற நாட்களில் பல வீடுகளில் காவலாள்தான் நடக்கிறார். கியா பார்மில் பத்திரம் இல்லாத வீட்டில் மூன்று தலைமுறையின் கால்கள் ஒரே தரையில் படுகின்றன.

பசை இறுகிய பிறகு இணைப்புகளில் கிரவுட்டைத் திணித்து, ஈர ஸ்பாஞ்சால் குறுக்கே துடைத்து எடுப்பார்கள். அது காய்ந்ததும் பெரியவர் ஐம்பது சென் காசு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு டைலின் நான்கு மூலையிலும் தட்டிக் கேட்டபடி அறையைச் சுற்றி வருவார். செலவை எதிர்த்தவர்தான் சோதனையில் கறார். சாமி படங்கள் ஆணிக்குத் திரும்பும். தரை சில்லிடுகிறது என்று முதல் புகார் வரும். ராத்திரியில் 15 டிகிரி வரை இறங்குகிற ஊரில் வரத்தான் செய்யும். கிளம்பும் முன் கொத்தனார் மிச்சமான ஐந்தாறு டைல்ஸைப் பெட்டியோடு கொண்டுவந்து மருமகளிடம் நீட்டுவார். "இத வெளிய போட்டுறாதீங்கக்கா. பத்து வருசம் கழிச்சு ஒண்ணு ஒடஞ்சா இதே கலர் கெடைக்காது." அவள் பெட்டியைப் பழைய சேலைத்துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைப்பாள். பக்கத்துப் பீரோவில் டி.ஓ.எல். ரசீதுகள் வருஷவாரியாக ஒரு கோப்பில் இருக்கின்றன. மேலே இருக்கிறது வருகிற டிசம்பர் 31 வரை செல்லும்.