கேட்டு வாங்கியது போதும், கேட்டைத் திறங்கள்!

"தம்பி, ஒரு ஐந்நூறு அனுப்புப்பா."

இந்த மாதம் இதை எத்தனை முறை சொன்னீர்கள்?

சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்?

மகன் நல்லவன்தான். அனுப்பிவிடுவான். மருமகளும் முகம் சுளிக்க மாட்டாள். ஆனாலும் கேட்கிற அந்த ஒரு நொடியில் உங்களுக்குள் ஏதோ கூனிக் குறுகுகிறதே, ஏன்?

அம்மா, உங்களைத்தான் கேட்கிறேன்! ஆவடியில், கோவில்பதாகையிலோ மிட்டனமல்லியிலோ பட்டாபிராமிலோ, வாசலில் நாற்காலி போட்டுத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிற உங்களைத்தான்!

அறுபது தாண்டியாகிவிட்டது. முழங்கால் வலி. "இனிமே நமக்கு என்ன இருக்கு?"

யார் சொன்னது?

நாலு தெரு தள்ளி நடந்து பாருங்கள். ஒரு வீட்டு கேட் திறந்திருக்கும். உள்ளே ஒரு மேசை. மேசைமேல் பாட்டில்கள்: கடலை மிட்டாய், தேன் மிட்டாய், கமர்கட், முறுக்கு. கம்பியில் ஷாம்புச் சரம். தட்டில் கறிவேப்பிலை, கொத்தமல்லி. ஃபிரிட்ஜில் இட்லி மாவு.

போர்டு கிடையாது. தெருப் பிள்ளைகள் வைத்த பெயர்தான்: பாட்டி கடை.

அந்தப் பாட்டிக்கு முழங்கால் வலிக்காதா? வலிக்கும். உட்கார்ந்துகொண்டே விற்கிறார்!

உங்களிடம் இருப்பதும் அதே கேட். அதே வாசல். அவர் திறந்துவிட்டார். நீங்கள் இன்னும் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நிறையச் சாக்கு வைத்திருக்கிறீர்கள், தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள். பார்த்துவிடுவோம்!

முதல் சாக்கு: வயது.

கோவைக்குப் பக்கத்தில் வடிவேலாம்பாளையம். அங்கே கமலாத்தாள் பாட்டி. ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லி, வீட்டிலேயே சுட்டு விற்றவர். விறகடுப்பு. ஆட்டுக்கல். 2019இல் நாடே அவரைத் திரும்பிப் பார்த்தபோது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது.

தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அவரைப் பற்றி எழுதினார். காஸ் அடுப்பு வந்தது. 2022 அன்னையர் தினத்தன்று சொந்த வீடே வந்தது.

வீடு கிடைத்ததைப் பார்த்து வாய் பிளக்காதீர்கள். அதற்கு முன்னால் யாரும் பார்க்காத அத்தனை வருடமும் விடியற்காலையில் அவர் எழுந்தாரே, அதைப் பாருங்கள்! அடுப்புப் புகையில் கேமரா இருந்ததா? கைதட்டல் இருந்ததா? மாவு இருந்தது. அவ்வளவுதான்.

இன்னும் வயது பற்றிப் பேச வேண்டுமா?

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி. 1914இல் பிறந்த பாப்பம்மாள். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். வளர்த்தது பாட்டி. பாட்டி விட்டுப் போன சொத்து, ஒரு சின்னக் கடை.

சின்னக் கடைதானே என்று அவர் சலித்துக்கொண்டிருந்தால்? கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கடையை நடத்தினார். காசைச் சேர்த்தார். அந்தக் காசில் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார். நூறு வயதைத் தாண்டியும் அந்த மண்ணில் இறங்கி வேலை செய்தார். 2021இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

மிட்டாய் பாட்டிலிலிருந்து பத்து ஏக்கர்! நீங்கள் அறுபதிலேயே முடிந்துவிட்டது என்கிறீர்கள். அவர் கணக்கில் உங்களுக்கு இன்னும் நாற்பது வருடம் பாக்கி!

இரண்டாவது சாக்கு: முதல் இல்லை.

எவ்வளவு முதல் வேண்டும்? லட்சமா?

1959 மார்ச் 15. பம்பாய், கிர்காம். ஏழு பெண்கள் மொட்டை மாடியில் அப்பளம் இட உட்கார்ந்தார்கள். முதல் 80 ரூபாய். அதுவும் கடன்! அன்றைக்குத் தேறியது நாலே பாக்கெட்.

நாலு பாக்கெட்! அந்த நாலுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்றைக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் சோறு. அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. எந்த வருடம் தெரியுமா? பாப்பம்மாளுக்குக் கிடைத்த அதே 2021!

உங்களுக்கு இடத்து வாடகை உண்டா? இல்லை. அட்வான்ஸ் உண்டா? இல்லை. ஆள் சம்பளம்? இல்லை. ஆவடி மார்க்கெட்டில் கடை பிடிக்கிறவனைக் கேளுங்கள், முதல் போணிக்கு முன்னால் அவன் எவ்வளவு கொட்ட வேண்டும் என்று. உங்களுக்கு அதெல்லாம் மிச்சம். வீட்டு வாசல்தான் உங்கள் முதல்!

கையில் இருக்கிற இரண்டாயிரத்தில் ஆரம்பியுங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து உங்கள் கைக்குப் பழகிய கணக்குதானே? முதல் நாள் இரண்டு கிலோ மாவு போதும். விற்காவிட்டால் வீட்டில் தோசை. என்ன நஷ்டம்?

கடை நின்ற பிறகு பணம் வேண்டுமா? வழி இருக்கிறது. 1989இல் தருமபுரியில் முளைத்த மகளிர் சுய உதவிக் குழு இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. தெருவில் விசாரியுங்கள். முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான சிறு கடனைப் பிணை இல்லாமல் கேட்கலாம். தின்பண்டம் விற்கிறீர்களா? உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிடுங்கள். பதிவு கையில் இருந்தால் அதிகாரி வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம்!

மூன்றாவது சாக்கு. இதுதான் உண்மையான சாக்கு. "நாலு பேர் என்ன சொல்வாங்க?"

டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் வீட்டம்மா, வாசலில் உட்கார்ந்து மிட்டாய் விற்கிறாளே என்று பேசுவார்கள். பேசட்டும்! அந்த நாலு பேரில் யாராவது ஒருவர் உங்கள் கரண்ட் பில் கட்டினாரா? கண் ஆபரேஷனுக்கு வந்து நின்றாரா?

மகனும் சொல்வான்: "நான் பார்த்துக்க மாட்டேனாம்மா? ஏன் மானத்தை வாங்குறே?" கோபப்படாதீர்கள். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: "நீ பார்த்துக்குவே கண்ணு. அம்மாவும் கொஞ்சம் தன்னைப் பார்த்துக்கறேன்."

நீங்கள் இருக்கிற ஊர் எது என்று மறந்துவிட்டீர்களா?

1955 ஜனவரியில் நேருவும் காமராஜரும் கூடி, நாட்டுக்குச் சோசலிசப் பாதை என்று காங்கிரஸ் தீர்மானம் போட்ட ஊர் இது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்த ஊர். 1965இல் விஜயந்தா டாங்கை உருட்டி வெளியே விட்ட ஊர். பிறகு 58 டன் எடையுள்ள அர்ஜுன் டாங்க் செய்த ஊர்!

58 டன் இரும்பை நகர்த்துகிற ஊரில் இருந்துகொண்டு, மூன்றடி கேட்டை நகர்த்தப் பயமா?

நாலாவது சாக்கு: "இப்ப எல்லாம் ஆப்பு தானே? பத்து நிமிஷத்துல வீட்டுக்கே வந்துடுதே."

வரட்டும். அந்த ஆப் ஒரே ஒரு முட்டை தருமா? ஐந்து ரூபாய்க்கு இஞ்சி தருமா? எதிர்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிந்து, பிரெட்டை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்குமா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவெல்லாம் தண்ணீர். சென்னை முழுக்கப் பாலுக்குத் திண்டாட்டம். எந்த ஆப் வந்தது? முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்த் தட்ட முடிந்தது பக்கத்துக் கடைக் கதவைத்தான்!

சின்ன வியாபாரம் என்று நினைக்காதீர்கள். கம்பியில் தொங்குகிறதே ஷாம்புச் சரம், அதற்குள்ளும் நம் ஊர்க் கதை இருக்கிறது. பணக்காரன் பாட்டிலில் வாங்குவதைக் கூலிக்காரனும் வாங்கட்டும் என்று பாக்கெட்டில் அடைத்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு வீட்டை விட்டு வந்து சிக் ஷாம்பு போட்டார். அந்தச் சின்னப் பாக்கெட் பெரிய கம்பெனியாக வளர்ந்தது.

சின்னதாக விற்பது கேவலமா? சின்னதாக விற்கத் தெரிந்தவர்கள்தான் பெரிதாக வளர்ந்தார்கள்!

ஐந்தாவது சாக்கு: "எனக்குப் போன் எல்லாம் பார்க்கத் தெரியாது."

பேரனிடம் கேளுங்கள். ஒரு க்யூஆர் அட்டையும் பேசுகிற பெட்டியும் போதும். பணம் வந்தால் பெட்டியே சத்தமாகச் சொல்லும். ஒருத்தன் "அனுப்பிட்டேன் பாட்டி" என்று ஸ்கிரீனைக் காட்டினால், "பெட்டி சொல்லட்டும் கண்ணு" என்று சிரியுங்கள்.

இன்னொன்று. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. போடச் சொல்கிறவன் திருடன்! இந்த இரண்டும் தெரிந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

சரி. சாக்கு தீர்ந்தது. இப்போது பயத்தைப் பேசுவோம்.

"தோத்துட்டா?"

தோற்பீர்கள்! முதல் நாள் யாரும் வராமல் போகலாம். அதனால் என்ன?

1982இல் மெரினாவில் தள்ளுவண்டி போட்டார் பாட்ரிசியா நாராயண். கையில் இரண்டு குழந்தைகள். முதல் நாள் முழுக்க நின்று அவர் விற்றது ஒரே ஒரு காபி. வருமானம் ஐம்பது பைசா. அழுதார். மறுநாளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பின்னாளில் சென்னையில் உணவகங்களே நடத்தினார்.

ஐம்பது பைசாவுக்கும் உணவகத்துக்கும் நடுவில் என்ன இருந்தது? அந்த மறுநாள் இருந்தது!

கடையைக் கொல்வது கூட்டம் வராதது இல்லை அம்மா. கடையைக் கொல்வது கடன் நோட்டு!

கணக்குப் போடுங்கள். நூறு ரூபாய்க்கு விற்றால் உங்களுக்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். 500 ரூபாய் கடன் வாங்கியவர் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சரக்கில் உங்கள் கைக்காசு 450. அதைத் திரும்ப எடுக்க 4,500 ரூபாய்க்கு வியாபாரம் பண்ண வேண்டும்! ஒரு ஆள் ஏமாற்றியதற்கு ஒரு வார உழைப்பு!

கடனே கொடுக்காமல் தெருவில் கடை நடத்த முடியாது. ஒன்றாம் தேதி சம்பளம் வருகிற வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு எல்லை வையுங்கள். பழைய பாக்கி வராமல் புதுப் பாக்கி கிடையாது. முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். முகதாட்சண்யம் பார்த்தவர் கல்லா நிரம்பியதில்லை!

இரண்டு டப்பா வையுங்கள். ஒன்று வீட்டுக்கு. ஒன்று கடைக்கு. கடையிலிருந்து பேத்திக்கு ஒரு பிஸ்கட் எடுத்தாலும் வீட்டு டப்பாவிலிருந்து காசை எடுத்து இதில் போடுங்கள்.

கஞ்சத்தனமா? இல்லை. மரியாதை! உங்கள் உழைப்புக்கு நீங்களே மரியாதை தராவிட்டால் வேறு யார் தருவார்கள்?

மாவு புளித்துவிட்டதா? நாளைக்கு அரைக் கிலோ குறைத்து ஆட்டுங்கள். முறுக்கு நமுத்துவிட்டதா? டப்பாவை மாற்றுங்கள். பிஸ்கட் தேதி தாண்டிவிட்டதா? அடுத்த முறை சரக்குப் போடுகிற லைன் வண்டிக்காரர் வரும்போது பாதி எடுங்கள். இதற்கெல்லாம் பெயர் தோல்வியா? பாடம்! நாற்பது வருடம் சமையலறையில் இதைத்தானே செய்தீர்கள்? உப்பு கூடினால் வீட்டை விட்டு ஓடிவிட்டீர்களா? தண்ணீர் ஊற்றிச் சரி பண்ணினீர்கள்!

ஒரு சம்பளத்தை முப்பது நாளைக்கு இழுத்தீர்கள். சீட்டுப் போட்டீர்கள். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டினீர்கள். கல்யாணம் முடித்தீர்கள். இத்தனையும் செய்தவருக்கு ஒரு மேசை வியாபாரம் தெரியாதா? யாரிடம் கதை விடுகிறீர்கள்?

உங்களுக்குத் தெரியாதது வியாபாரம் இல்லை. உங்களுக்கு உங்களைத் தெரியவில்லை!

நல்ல நாள் பார்க்கிறேன் என்று சொல்லாதீர்கள். தை பிறக்கட்டும் என்று சொல்லாதீர்கள். பொழுது விடியும் முன்பே ஆவடியிலிருந்து ரயில் கிளம்பிவிடுகிறது. ஏறுகிறவர் ஏறுகிறார். நல்ல நேரம் பார்த்து நின்றவர் பிளாட்பாரத்திலேயே நிற்கிறார்.

இன்று ராத்திரி உளுந்தை ஊறப் போடுங்கள்.

நாளை காலை மேசையைத் துடைத்து கேட் ஓரம் இழுத்துப் போடுங்கள். கால் வலிக்கும். இழுங்கள்! கை நடுங்கும். நடுங்கட்டும்! தாழ்ப்பாள் கிரீச்சென்று கத்தும். தெருவே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும்!

உட்காருங்கள். பத்து நிமிடம் யாரும் வரமாட்டார்கள். அரை மணி நேரம்கூட வராமல் போகலாம். எழுந்து உள்ளே போகாதீர்கள்! அந்த அரை மணி நேரம்தான் பரீட்சை.

அப்புறம் ஒரு வாண்டு வரும். எதிர்வீட்டுப் பையன். உள்ளங்கையில் வியர்த்துப்போன ஒரு ஐந்து ரூபாய் காசு. கம்பியைப் பிடித்துக்கொண்டு உங்களையே பார்த்து நிற்கும்.

அதுதான் உங்கள் முதல் போணி.

இத்தனை வருடம் நீங்கள் கேட்டீர்கள், மற்றவர்கள் கொடுத்தார்கள். இனி கேட்கப்போவதும் நீங்கள்தான். ஆனால் இது வேறு கேள்வி. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் மட்டுமே கேட்கிற கேள்வி.

நிமிர்ந்து உட்காருங்கள் அம்மா. குரலை உயர்த்துங்கள். கேளுங்கள்:

"என்ன கண்ணு வேணும்?"