எல்லோரும் செய்த தவறில் ஒருவரின் பங்கு: லி தியே வழக்கும் சீன அறவியலும்

ஒரு துறை முழுவதும் கெட்டுப்போயிருக்கும்போது, அதற்குள் இருந்து தவறு செய்தவரின் குற்றம் குறைகிறதா? அறவியலில் மிகப் பழைய கேள்வி இது. அண்மைக் காலச் சீனாவில் இது ஒரு மனிதரின் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. சீனத் தேசியக் கால்பந்து அணியின் முன்னாள் வீரரும் முன்னாள் தலைமைப் பயிற்சியாளருமான லி தியே, 2024 ஜனவரியில் அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஊழல் ஒழிப்பு ஆவணப்படத்தில் தோன்றித் தம் குற்றங்களை ஒப்புக்கொண்டார். வருந்துவதாகவும், நேர்வழியிலேயே நடந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். தாம் செய்தவற்றில் சில அந்த நாளில் கால்பந்து உலகில் வழக்கமாக இருந்தவைதான் என்றும் கூடவே சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

லி தியே 1977-இல் லியாவ்னிங் மாகாணத் தலைநகர் ஷென்யாங்கில் பிறந்தார். 1993-இல் ஜியன்லிபாவ் என்ற குளிர்பான நிறுவனத்தின் செலவில் சீனச் சிறுவர் அணியொன்று பிரேசிலுக்கு அனுப்பப்பட்டது. அதில் இடம்பெற்றுப் பதின்ம வயதின் பிற்பகுதியை அங்கே பயிற்சியில் கழித்தார். திரும்பி வந்து அவர் ஆடிய லியாவ்னிங் அணி, 1999-இல், முதல் பிரிவுக்கு ஏறிய அடுத்த பருவத்திலேயே, பட்டத்தை ஒரே புள்ளியில் தவறவிட்டது. நடுக்களத்தில் ஆடிய அவரிடம் கண்ணைப் பறிக்கும் வித்தைகள் குறைவு. இடைவிடாத ஓட்டமும் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதும்தான் அவருடைய பலம்.

2001 அக்டோபர் 7 அன்று ஷென்யாங்கின் வூலிஹே அரங்கில் ஓமனை 1–0 என்ற கணக்கில் வென்று சீனா முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. லி தியே சொந்த ஊர்க்காரர்களின் கண்முன் அந்த அணியில் நின்றார். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் கோஸ்டா ரிக்கா, பிரேசில், துருக்கி ஆகிய மூன்று அணிகளிடமும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது சீனா. ஆனாலும் அவர் இங்கிலாந்தின் எவர்ட்டன் அணிக்குப் போய், முதல் பருவத்திலேயே 29 லீக் ஆட்டங்களில் இறங்கினார். 2003 புத்தாண்டு நாளில் அவரும், மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடிய சுன் ஜிஹாயும் எதிரெதிரே நின்ற ஆட்டத்தைச் சீனாவில் கோடிக்கணக்கானோர் பார்த்தனர். பிறகு கால் முறிந்தது. ஷெஃபீல்டு யுனைடெட்டில் ஆடும் வாய்ப்பு ஏறக்குறையக் கிடைக்கவேயில்லை. 90-க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர் என்ற பெயரோடு அவருடைய ஆட்டக்காலம் முடிந்தது.

பயிற்சியாளராக அவர் நல்ல இடத்தில் தொடங்கினார். 2012-இல் குவாங்சோ எவர்கிராண்டே அணியில், இத்தாலிக்கு உலகக் கோப்பை வென்று தந்த மார்செல்லோ லிப்பியிடம் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 2015-இல் ஹெபெய் அணியையும் 2018-இல் வூஹான் சால் அணியையும் இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு உயர்த்தினார். 2019 நவம்பரில் சிரியாவிடம் தோற்றதும் லிப்பி தேசிய அணியின் பொறுப்பிலிருந்து விலகினார். 2020 ஜனவரியில் லி தியே அந்த நாற்காலிக்கு வந்தார். 2021 டிசம்பரில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அணி பின்தங்கியிருந்தபோது பதவி விலகினார். 2022 நவம்பரில் அவர்மீது விசாரணை தொடங்கியது.

இந்த உயர்வின் அடியில் இருந்தது என்ன என்பது ஆவணப்படத்திலும் நீதிமன்றத்திலும் வெளிவந்தது. தேசிய அணியின் பொறுப்பைப் பெறுவதற்காக அவர் சார்பில் வூஹான் கழகம் சீனக் கால்பந்துச் சங்கத் தலைவர் சென் ஷூயுவானுக்கு 20 லட்சம் யுவான் தர முன்வந்தது. பொதுச்செயலாளர் லியு யீக்கு லி தியே தாமே 10 லட்சம் கொடுத்தார். கழகங்களை மேலே ஏற்றிய காலத்தில் நடுவர்களும், எதிரணியின் வீரர்களும் பயிற்சியாளர்களும் விலைக்கு வாங்கப்பட்டனர். தேசிய அணிக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதுகூடப் பணம் பேசும் விஷயமாயிற்று. அவர் பெற்ற லஞ்சம் மொத்தம் சுமார் 12 கோடி யுவான். லஞ்சம் வாங்கியது, கொடுத்தது உள்ளிட்ட ஐந்து குற்றங்களுக்காக ஹூபெய் மாகாணத்தின் ஷியன்னிங் நகர நீதிமன்றம் 2024 டிசம்பர் 13 அன்று 20 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2025 ஏப்ரலில் மேல்முறையீடு தள்ளுபடியானது.

வழக்கம் என்று அவர் சொன்ன காரணத்தில் உண்மை இருக்கிறது. அவர் ஆடத் தொடங்கிய காலத்திலேயே சீன லீக் ஆட்டங்களில் முடிவுகள் விற்கப்பட்டன. 2002 உலகக் கோப்பையில் நடுவராக நின்ற லூ ஜுன், லஞ்சம் வாங்கியதற்காக 2012-இல் சிறைக்குப் போனார். சங்கத்தின் முன்னாள் தலைவர்களான ஷியே யாலோங், நான் யோங் இருவருக்கும் அதே ஆண்டில் தலா பத்தரை ஆண்டு தண்டனை கிடைத்தது. அந்தத் துப்புரவுக்குப் பிறகு வந்தவர் சென் ஷூயுவான். 2019-இல் தலைவராகத் தேர்வாவதற்கு முந்தின இரவு, உள்ளூர்க் கால்பந்து நிர்வாகிகள் இருவர் அறைக்கு வந்து ஆளுக்கு மூன்று லட்சம் யுவான் ரொக்கத்தை வைத்துவிட்டுப் போனதாக அதே ஆவணப்படத்தில் அவர் சொன்னார். பதவியில் உட்காரும் முன்பே பணம் வந்துவிடும் இடத்தில் வழக்கம் என்ற சொல்லை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

சூழல் மனிதரை எவ்வளவு ஆக்குகிறது என்பதைச் சீன மெய்யியலாளர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆழமாக விவாதித்துவிட்டார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மென்சியஸ், மனித இயல்பு நன்மையை நோக்கியது என்று வாதிட்டவர். ஒரே பார்லி விதையை ஒரே நாளில் விதைத்தாலும் மண்ணும் மழையும் உழைப்பும் மாறினால் விளைச்சலும் மாறும் என்பது அவர் தரும் சான்று. ஒரு நாட்டின் தலைநகருக்குப் பக்கத்திலிருந்த எருது மலை, கோடரிகளும் கால்நடைகளும் தின்றுதீர்த்ததால் மொட்டையானது. அதைப் பார்த்தவர்கள் அங்கே மரமே இருந்ததில்லை என்று நினைத்தார்கள். கெட்ட மனிதரைக் கண்டு அவருக்கு நல்லியல்பே இல்லை என்று முடிவுகட்டுவதும் அப்படித்தான் என்கிறார் மென்சியஸ். லி தியேயின் வாழ்க்கை இதற்குப் பொருந்துகிறது. ஆட்டக்காரராக இருந்தபோது ஆட்ட முடிவை விற்பதைத் தாம் மிகவும் வெறுத்ததாக அவரே சொன்னார். பனியிலும் காயத்திலும் ஓடிய அந்த இளைஞரைக் கண்டவர்கள் அதை நம்பாமலிருக்கக் காரணம் இல்லை.

ஆனால் மென்சியஸ் அத்தோடு நிற்கவில்லை. தம் பெயரிலான நூலில் வேறோரிடத்தில், பசியால் சாகக் கிடக்கும் வழிப்போக்கன்கூட இழிவுபடுத்தி நீட்டப்படும் ஒரு கிண்ணச் சோற்றை மறுத்துவிடுவான் என்கிறார். அப்படி மறுக்கத் தெரிந்த மனிதனே, பெரிய வீட்டுக்காகவும் அண்டியவர்களின் நன்றிக்காகவும் பத்தாயிரம் மூட்டைத் தானியத்தை முறையா முறையில்லையா என்று பார்க்காமல் வாங்கிக்கொள்கிறான். உயிர் போகும் நிலையில் செய்யாததை வசதிக்காகச் செய்வதைத்தான் அவர் உள்ளத்தைத் தொலைப்பது என்று கருதினார். லி தியேயின் வாதத்துக்கு இதைவிடக் கூர்மையான பதில் கிடைப்பது அரிது. பிழைப்புக்கு வேறு வழியில்லாத ஆள் அல்ல அவர். உலகக் கோப்பையும் பிரீமியர் லீக்கும் கண்டவர், எந்தக் கழகத்திலும் மதிப்பான வேலை கிடைக்கக்கூடியவர். நெருக்குதல் இருந்தது உண்மை. ஆனால் அது பசியின் நெருக்குதல் அல்ல, ஆசையின் நெருக்குதல்.

கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்துகிறேன் என்பவருக்கும் மென்சியஸிடம் ஒரு கதை உண்டு. சோங் நாட்டு அமைச்சர் ஒருவர், அநியாயமான வரியை உடனே நீக்க முடியாது, இந்த ஆண்டு குறைத்து அடுத்த ஆண்டு நிறுத்துகிறோம் என்றார். தினம் ஒரு கோழி திருடுபவன் இனி மாதம் ஒன்று திருடிவிட்டு அடுத்த ஆண்டு நிறுத்துகிறேன் என்பது போலத்தான் இது என்றார் மென்சியஸ். தவறென்று தெரிந்த கணத்திலேயே நிறுத்தவேண்டும் என்பது அவர் கருத்து. கால்பந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. குறுக்குவழியில் வந்த வெற்றி மேலும் வெற்றிக்கு அவசரப்படுத்தியதாகவும், பிறகு அது பழக்கமாகிக் கடைசியில் அந்த வழிகளைச் சார்ந்தே இருக்க நேர்ந்ததாகவும் லி தியே விவரித்தார். ஒப்புதல்களிலேயே மிக நேர்மையான பகுதி இதுதான் எனலாம். பழக்கம் என்றாகிவிட்ட பிறகு பொறுப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குக் கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் பதில் சொல்லியிருக்கிறார். எறிந்த கல்லைத் திரும்பப் பிடிக்க முடியாது; ஆனால் எறிவதா வேண்டாமா என்பது கையில் இருந்தது. மருத்துவர் சொல்லைக் கேளாமல் நோயாளியானவர் இப்போது நினைத்தவுடன் குணமாக முடியாது; நோயை வரவழைத்தவர் அவரே. ஆகவே பழக்கம் குற்றத்தைக் கழுவுவதில்லை. அது தொடங்கிய நாளை நோக்கிக் கேள்வியைத் தள்ளிவைக்கிறது.

அந்தத் தொடக்க நாளிலும் சூழல் இருந்ததே என்று ஒருவர் கேட்கலாம். அமெரிக்க மெய்யியலாளர் தாமஸ் நேகல் இதைத்தான் எழுப்பினார். நாஜி ஆட்சியில் அதிகாரியாகிக் கொடுமை செய்த ஒருவர், அதற்கு முன்பே தொழில் நிமித்தம் அர்ஜென்டினாவுக்குப் போயிருந்தால் அமைதியான வாழ்க்கை வாழ்ந்திருக்கக்கூடும். சோதனைக்கே ஆளாகாத மனிதர் தம்மை உயர்ந்தவராக எண்ணிக்கொள்ள உரிமை இல்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் நியாயமான பாடம். லி தியே எவர்ட்டனிலேயே தங்கி அங்கே பயிற்சியாளராகியிருந்தால் இந்த வழக்கே இருந்திருக்காது என்பதும் சாத்தியம்தான். ஆனால் இது தீர்ப்புச் சொல்பவரின் தலைக்கனத்தைக் குறைக்குமே தவிர, நடந்த செயலை மாற்றாது.

சூழலின் வாதத்தை உடைக்கும் கருவி ஷுன்சியிடம் இருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இவர் மென்சியஸின் எதிரணி. மனித இயல்பு தானாக நல்லதல்ல, வளைந்த மரத்தை நீராவியிலும் அச்சிலும் இட்டு நிமிர்த்துவது போலக் கல்வியாலும் ஒழுங்காலும் ஆக்கப்பட வேண்டியது என்றார். சணல் செடிகளுக்கு நடுவே வளரும் படர்செடிகூட முட்டுக்கொடுக்காமலே நிமிர்ந்து வளரும் என்பது அவர் சொன்ன உவமை. மேலோட்டமாகப் பார்த்தால் இது லி தியேக்குச் சாதகம்: கோணலான காட்டில் வளர்ந்தவர் கோணலானார். ஆனால் ஷுன்சியின் சிந்தனையில் சூழல் என்பது மழை வெயில் போல வந்துவிழுவதல்ல. அதை ஆசிரியர்கள் உண்டாக்குகிறார்கள். ஆசிரியரும் நெறியும் இல்லாவிட்டால் மனிதர் சீர்ப்படமாட்டார் என்று அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார்.

லி தியேயின் வாழ்க்கையில் அறத்தின் கணக்கு மாறும் இடம் இதுதான். ஆட்டக்காரர் ஆக்கப்படுபவர், பயிற்சியாளர் ஆக்குபவர். பிரேசிலுக்குப் போன பதினாறு வயதுப் பையன் பிறர் வகுத்த சூழலில் வளர்ந்தான். 2015 முதல் ஹெபெயிலும் வூஹானிலும் உடைமாற்றும் அறையில் நின்றவர் அந்தச் சூழலை வகுத்தவர். எதிரணிக்குப் பணம் போயிருக்கும் ஆட்டத்தில் இறங்கும் இளம் வீரருக்கு, உழைப்பால் ஒன்றும் ஆவதில்லை என்ற பாடம் யாரும் வாய் திறக்காமலே கிடைத்துவிடுகிறது. தேசிய அணியின் தேர்வு விலைக்குப் போனால் நாடு முழுவதும் பயிற்சி செய்யும் சிறுவர்களுக்கும் அதே பாடம் போய்ச் சேர்கிறது. வழக்கம் அப்படி இருந்தது என்று ஒரு வீரர் சொன்னால் அது ஓரளவு விளக்கம். அந்த வழக்கத்தை நடத்திக்கொடுத்த பயிற்சியாளர் சொன்னால், அவர் தாம் செய்ததையே தமக்குச் சாட்சியாக அழைக்கிறார். எல்லோரும் செய்தார்கள் என்பதில் வரும் ‘எல்லோரும்’ யார் என்று பார்த்தால், அதில் முக்கியமானவர்களுள் ஒருவர் அவரே.

ஷுன்சியிடம் படித்த ஹான் ஃபெய் வேறு முடிவுக்கு வந்தார். தானாக நேராக வளரும் மூங்கிலுக்குக் காத்திருந்தால் நூறு தலைமுறை போனாலும் ஓர் அம்பு கிடைக்காது. நல்லவர்களை நம்பாமல் சட்டத்தின் பரிசையும் தண்டனையையும் நம்பு என்றார். சீன அரசு எடுத்த வழி இதுவே: சென் ஷூயுவானுக்கு ஆயுள், லி தியேக்கு 20 ஆண்டு. ஆனால் 2012-இன் தண்டனைகளும் கடுமையானவைதான். அவற்றுக்கு மூன்றே ஆண்டுகளில் ஹெபெயின் கதை தொடங்கிவிட்டது. வெற்றியைக் கழக முதலாளிகளும் உள்ளூர் அதிகாரிகளும் உடனே கேட்கும் அமைப்பு அப்படியே இருந்தது. தண்டனைக்கு அஞ்சுபவர் பிடிபடாமலிருக்கத்தான் கற்கிறார் என்பது கன்ஃபூசியஸ் முன்பே கண்ட குறை. நெறியால் வழிநடத்தப்படுபவருக்கே வெட்கம் உண்டாகிறது என்று அவர் கருதினார். அந்த வெட்கத்தையே மென்சியஸ் நேர்மையின் முளை என்றார்.

தொலைக்காட்சியில் கண்டது அந்த வெட்கம்தானா? அதை அளப்பது கடினம். அந்த ஒப்புதல் காவலில் இருந்தவர், நீதிமன்ற விசாரணைக்கு முன், அரசின் கேமரா முன்னால் பேசியது. கன்ஃபூசிய மரபு மதிக்கும் வெட்கமோ யாரும் பார்க்காத இடத்திலும் ஒருவரைத் தடுப்பது. பிறகு அவர் மேல்முறையீடு செய்ததை வருத்தமின்மைக்குச் சான்றாகக் காட்டுவதும் நியாயமாகாது. தண்டனையின் அளவை எதிர்ப்பதும் குற்றத்துக்கு வருந்துவதும் ஒரே மனதில் இருக்க முடியும். உறுதியாகச் சொல்லக்கூடியது அந்தப் பேச்சின் உள்ளடக்கத்தைப் பற்றித்தான். பழக்கமும் சார்பும் பற்றி அவர் சொன்ன பகுதி தம் செயலை நோக்கிப் போகிறது. வழக்கம் பற்றிச் சொன்ன பகுதி அதிலிருந்து விலகிப் போகிறது. எருது மலையில் மிச்சமிருக்கும் வேரை மென்சியஸ் தேடியிருந்தால், முதற்பகுதியில்தான் தேடியிருப்பார்.