மரத்த தோல்

சூடு பட்டால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். வலி தெரிவதே இழுத்த பிறகுதான். மூளையைக் கேட்காமல் தண்டுவடமே உத்தரவு கொடுத்துவிடுகிறது. ஆபரேஷன் மேஜையில் மயக்கத்தில் குப்புறக் கிடப்பவருக்கு இந்த ஏற்பாட்டை நாமே நிறுத்திவைக்கிறோம், அதே தண்டுவடத்தின் பக்கத்தில் வேலை பார்ப்பதற்காக.

*

முதுகெலும்பு எண்டோஸ்கோப்பியில் தோலில் போடும் வெட்டு பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். அதன் வழியாகத்தான் கேமராவும் கருவிகளும் போக வேண்டும். சலைன் ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தத்தைக் கழுவும், சூட்டையும் ஆற்றும். ரத்தக் கசிவை நிறுத்தும் ரேடியோ அலைக் கருவி சுடும். எலும்பைத் தேய்க்கும் ட்ரில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும். இரண்டு துளை போட்டுச் செய்யும் முறையில் ஒன்றின் வழியாகப் போகும் தண்ணீர் மற்றதன் வழியாக வெளியே வர வேண்டும். வரும் வழியைத் தசை அடைத்துக்கொண்டால் சூடும் உள்ளேயே தங்கிவிடும்.

ட்ரில்லின் முனையை எல்லோரும் திரையில் பார்க்கிறார்கள். அதன் தண்டு வெட்டின் ஓரத்தில் உரசிச் சூடேற்றுவது திரையில் வராது. கேமரா தோலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது.

*

தோல் வேக எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் வேண்டும் என்று 1947-ல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் அளந்து எழுதினார்கள். 44 டிகிரி செல்சியஸில் தோல் வேக ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் சில வினாடிகள் போதும். விழித்திருப்பவர் அந்தச் சில வினாடிகளுக்குள் நகர்ந்துவிடுவார்.

*

உடலுக்குள் பார்க்க ஆசைப்பட்ட நாளிலிருந்தே வெளிச்சத்தோடு வெப்பமும் கூட வந்திருக்கிறது. 1806-ல் பொட்சீனி என்ற மருத்துவர் மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தார். நிட்ஸே என்ற மருத்துவர் 1870-களில் செய்த சிறுநீர்ப்பைக் கருவியில் பிளாட்டினக் கம்பி கனன்றது. அதை ஆற்றத் தண்ணீர் ஓடவிட வேண்டியிருந்தது. இப்போது விளக்கு வெளியே நிற்க, ஒளி மட்டும் கண்ணாடி இழை வழியாக வருகிறது. வெப்பம் குறைந்தது, ஒழியவில்லை. அந்த ஒளிக் கேபிளைக் கழற்றி, விளக்கை அணைக்காமல் துணிமேல் வைத்தால் துணியும் கருகும், அடியில் இருக்கும் தோலும் வேகும்.

*

பக்கவாட்டிலிருந்து டிஸ்க்கை எட்டும் முறையில் பல இடங்களில் முழு மயக்கம் கொடுப்பதில்லை. நரம்பில் பட்டால் நோயாளியே “கால்ல இழுக்குது டாக்டர்” என்று சொல்லிவிடுவார். நல்ல காவல்தான். ஆனால் மரத்துப்போகச் செய்யும் ஊசியை முதலில் போடுவது தோலில். உள்ளே இருக்கும் நரம்பு பேசும். வெட்டுப்பட்ட அந்த இடம் பேசாது.

*

தன் முதுகை யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. அங்கே தோல் வெந்திருப்பதைக் கட்டுப் பிரிக்கும் நர்ஸோ வீட்டில் இருப்பவரோ சொன்னால்தான் உண்டு. பெரும்பாலும் சின்னப் புண்தான். கருகிய ஓரத்தை வெட்டியெடுத்துத் தையல் போடலாம். ஆழமாக வெந்திருந்தால் ஆற நாளாகும், கிருமி நுழையவும் வழியாகும்.

*

சலைன் பை காலியாவதைக் கவனித்து மாற்றுவது பெரும்பாலும் தியேட்டரின் இளைய ஊழியர். “சார், தண்ணி நின்னுருச்சு” என்று அவர் தயங்காமல் சொல்ல முடிகிறதா, சொன்னதும் சர்ஜன் கருவியின் பெடலிலிருந்து காலை எடுக்கிறாரா என்றுதான் ஒரு ஆஸ்பத்திரியில் முதலில் பார்ப்பேன். புது மிஷின் வாங்கியிருக்கிறார்களா என்பதை அப்புறம்தான் கேட்பேன்.