தந்தை செல்வாவின் விசுவாசம்

சமய விசுவாசத்தில் அசையாத உறுதியும் அரசியலில் நிதானமும் ஒருவரிடத்திலே கூடி நிற்றல் சாத்தியமோ என்று ஐயுறும் வாலிபர்கள், ‘தந்தை செல்வா’ எனப்பட்ட இலங்கைத் தமிழர் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களுடைய சரித்திரத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். சைவர்களே பெரும்பான்மையினராயிருந்த காங்கேசன்துறைத் தொகுதியில், 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே, அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்பதையே சிலர் பிரசாரப் பொருளாக்கினர், அவர் தோல்வியுற்றார். ஆயினும் வாக்கின் பொருட்டுத் தம் சமயத்தை மறைக்கவுமில்லை, தம் சமயத்தாரைத் தனியே ஓர் அணியாகத் திரட்டவுமில்லை.

தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து 1956 ஜூன் 5ஆந் திகதி காலிமுகத் திடலிலே அமைதியாக அமர்ந்த சத்தியாக்கிரகிகள் காடையரால் தாக்குண்ட பின்னும், வைரம் பாராட்டாது, மறு வருஷம் ஜூலை 26ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்காவுடன் தமிழர் உரிமை குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டாரே, அந்தப் பொறுமையைப் பலவீனமென்று பழித்தவர் அன்றும் உளர், இன்றும் உளர். யானோ அதனை ஆன்மபலம் என்றே கொள்வேன். அந்த ஒப்பந்தம் மறு வருஷமே கைவிடப்பட்டது; 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்ததும் நிறைவேறவில்லை. ஈற்றில், 1976இலே, பார்க்கின்சன் நோயால் உடல் நடுங்கிக் குரலும் மெலிந்திருந்த அம்முதியவரின் தலைமையிலேயே வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேறிற்று. சமரசத்தின் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்ட பின்னரே அவர் அங்கு வந்து சேர்ந்தார் என்பதை மறத்தல் தகாது.

1952இல் அவரைத் தோற்கடித்த அதே காங்கேசன்துறை, 1956 முதல் 1975ஆம் ஆண்டு இடைத்தேர்தல் வரை, ஒவ்வொரு முறையும் அவரையே தெரிந்தெடுத்தது.