ஆள் இல்லாத நாற்காலி

யூதர்களை ரயிலேற்றிக் கொலைமுகாம்களுக்கு அனுப்பிவைத்த நாஜி அதிகாரி ஐஷ்மன், 1961இல் ஜெருசலேம் விசாரணையின்போது, தான் தத்துவஞானி காண்ட்டின் அறநெறிப்படி வாழ முயன்றவன் என்றான். நீதிபதி ரவே விடவில்லை, அந்த நெறி என்னவென்று கேட்டார். எல்லாருக்கும் பொதுச் சட்டமாகத் தகும்படி என் செயலின் நெறி இருக்கவேண்டும் என்று ஏறக்குறையச் சரியாகவே ஒப்பித்தான்.

பொது அறநெறியெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்த நெறி வெறுமையானது என்று தத்துவஞானி ஹெகலும் எப்போதோ சொல்லிவிட்டார். நம்பி ஒப்படைத்த பணத்தை 'வாங்கவே இல்லை' என்று சாதிப்பது தவறு, எல்லாரும் அப்படிச் செய்தால் ஒப்படைக்கும் வழக்கமே இராது என்பது காண்ட்டின் வாதம். இராவிட்டால் என்ன முரண் வந்துவிடும் என்று கேட்டார் ஹெகல். சொத்து வேண்டும் என்று முன்பே முடிவுகட்டியவனுக்குத்தானே அது முரண்? நியாயமான கேள்வி.

ஆனால் ஐஷ்மன் இன்னொன்றும் சொன்னான்: யூதர்களை ஒழிக்கும் வேலையை ஏற்றபிறகு காண்ட்டின்படி வாழவில்லையாம். ஒன்றுமே சொல்லாத நெறி என்றால், அதைவிட்டு விலகியது அவனுக்கு எப்படித் தெரிந்தது? இன்னது செய் என்று அந்த நெறி உத்தரவிடுவதில்லை. உத்தரவிடுபவரின் நாற்காலியைக் காலியாக விடுகிறது, நாமே உட்கார்ந்து யோசிப்பதற்காக. அவன் அதில் ஹிட்லரை உட்காரவைத்தான்.

அந்த நாற்காலியில் தாமே உட்கார்ந்து யோசித்தவர்களும் உண்டு. பிரான்ஸின் மலையூரான லெ ஷம்போனில், 1940-41 குளிர்காலத்தில், போதகர் த்ரோக்மேயின் வீட்டுக் கதவைத் தட்டினாள் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த ஒரு யூதப் பெண். 'பிறனை நேசி' என்பதும் வெற்று விதிதான், அதில் ரேஷன் அட்டை பற்றி ஒரு சொல் கிடையாது. போதகரின் மனைவி மக்தா அவளை உள்ளே அழைத்தார். பனியில் ஊறிய அவளது காலணியை அடுப்பில் காயவைக்கப்போய் அது கருகிவிட்டது. போர்க்காலத்தில் வேறு காலணிக்கு அலையவேண்டியதாயிற்று. அடையாளத் தாளுக்காக மேயரிடம் போனார், கைவிரித்துவிட்டார் அவர். பிறகு அந்த ஊரே பொய் அடையாள அட்டைகள் தயாரித்தது. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள்.

ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிவந்த கொலைகாரன் கேட்டாலும் பொய் சொல்லாதே என்று 1797இல் எழுதினார் காண்ட். அங்கே எனக்கு அவரோடு ஒட்டவில்லை. ஆனாலும் அந்த அட்டைகளில் இருந்தது பொய்தானே என்ற உறுத்தல், உயிர்களைக் காப்பாற்றிய பின்னும் லெ ஷம்போனின் முன்னணியினரைச் சும்மா விடவில்லை.